குல் மகாய் நாட்குறிப்பும் பெண்கல்வி உரிமையும்: மலாலா யூசுப்சாயின் தொடக்ககாலச் செயற்பாடு

ஆய்வுச் சுருக்கம்

பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மலாலா யூசுப்சாய், 2012ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று பள்ளி வண்டியில் சுடப்பட்ட நிகழ்வினாலேயே உலகோரால் அறியப்படுகின்றார். அந்நிகழ்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் மேலான காலம் முன்பே, ‘குல் மகாய்’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய நாட்குறிப்பு பிபிசி உருது இணையதளத்தில் வெளிவந்தது. பெண்கல்வி உரிமைக்கான அவரது செயற்பாட்டின் இயல்பை அறிய, துப்பாக்கிச் சூட்டைக் காட்டிலும் இந்நாட்குறிப்பே பொருத்தமான சான்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. நாட்குறிப்பு உருவான சூழல், அதன் பனுவல் தன்மை, புனைபெயரின் பொருண்மை, பாகிஸ்தானில் அவருக்கு எழுந்த எதிர்ப்பு, கல்வி உரிமைச் சட்டத்தின் நிலை ஆகியன இதில் ஆராயப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: மலாலா, குல் மகாய், நாட்குறிப்பு, சுவாத், பெண்கல்வி, கல்வி உரிமை.

முன்னுரை

இளநிலை மாணவரிடம் மலாலா யார் என வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த சிறுமி, நோபல் பரிசு பெற்றவர்’ என்பதேயாகும். இவ்விடையில் பிழையொன்றும் இல்லை. எனினும், இது சுட்டவனின் செயலையும் மருத்துவரின் செயலையும் பரிசளித்த குழுவின் செயலையும் கூறுகின்றதேயன்றி, அச்சிறுமி செய்தது யாது என்பதைக் கூறவில்லை. சுடப்படுவது ஒருவர்க்கு நேர்வது. அவர் ஆற்றுவது அன்று. வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கங்கள் பலவற்றிலும் இக்குறை காணப்படுகின்றது. அவர் ஏன் சுடப்பட்டார் என்ற வினாவிற்கு ஒரு தொடரில் விடை கூறிவிட்டு, மருத்துவமனைக் காட்சிக்கு அவை விரைந்துவிடுகின்றன. இக்கட்டுரை அந்த ஒரு தொடருக்குள் அடங்கிப்போன காலத்தையே, அதாவது 2008 முதல் 2012 வரையிலான நான்காண்டுகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கின்றது.

சுவாத்தும் வானொலியும்

சுவாத் கல்வி வாசமே அறியாத மலைநாடு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது உண்மைக்கு மாறானது. 1969இல் பாகிஸ்தானுடன் முழுமையாக இணைக்கப்படும்வரை சுவாத் தனி அரசாக விளங்கியது. அதன் இறுதி மன்னரான மியாங்குல் ஜஹான்சேப் காலத்தில் பள்ளிகள் பலவும் நிறுவப்பெற்றன. பெண்களுக்கான பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். 1952இல் தொடங்கப்பெற்ற ஜஹான்சேப் கல்லூரி அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. ஆகவே, 1997 ஜூலை 12 அன்று மிங்கோரா நகரில் மலாலா பிறந்தபோது, பெண்பிள்ளை பள்ளிக்குச் செல்வது அந்நகரில் புதுமையாக இருக்கவில்லை. அவருடைய தந்தை சியாவுதீன் அந்நகரிலேயே தனியார் பள்ளியொன்றை நடத்திவந்தார். பஷ்தூ மொழியின் பெரும்புலவர் குஷால் கான் கட்டக்கின் பெயர் அப்பள்ளிக்கு இடப்பட்டிருந்தது.

இச்சூழலில்தான் ஃபஸ்லுல்லா என்பார் பண்பலை வானொலி வழியாகப் பரப்புரை செய்யத் தொடங்கினார். ‘வானொலி முல்லா’ என்றே அவர் அழைக்கப்பட்டார். தொடக்கத்தில் சமய ஒழுக்கம் பற்றிய அறிவுரைகளாகவே அமைந்த அவ்வுரைகளைப் பெண்களும் விரும்பிக் கேட்டனர். நகைகளைக் கழற்றிக் கொடையளித்தோரும் உளர். பின்னர் அவ்வுரைகள் பெண்கல்வியின் பக்கம் திரும்பின. பள்ளியைவிட்டு நின்ற சிறுமியரின் பெயர்களைச் சொல்லி வானொலியிலேயே வாழ்த்துவது வழக்கமாயிற்று என மலாலா தம் தன்வரலாற்றில் பதிவுசெய்கின்றார். இச்செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெண்ணின் பெயரைப் பொதுவெளியில் உச்சரிப்பதையே நாணத்தக்கதாகக் கருதும் மரபில், படிப்பை விட்ட பெண்ணுக்குப் பெயர் சொல்லிப் பாராட்டு கிடைக்கின்றது. படிக்க விரும்பும் பெண்ணோ, அடுத்து நாம் காணவிருப்பதுபோல, தன் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

2007இன் இறுதியில் படைநடவடிக்கை தொடங்கிற்று. எனினும் ஃபஸ்லுல்லாவின் பிடி தளரவில்லை. அவ்வாண்டிலேயே ஜஹானாபாத்தில் பாறையில் செதுக்கப்பட்டிருந்த தொன்மையான புத்தர் சிற்பத்தின் முகம் வெடிவைத்துச் சிதைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பள்ளிகள் குண்டுவைத்தும் எரித்தும் அழிக்கப்பட்டன. 2008 டிசம்பரில் இறுதி அறிவிப்பு வந்தது: 2009 ஜனவரி 15க்குப் பின் எந்தப் பெண்பிள்ளையும் பள்ளிக்குச் செல்லலாகாது.

உரிமை மறுக்கப்படுவதற்கும் உரிமை பறிக்கப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. மலாலாவின் தாய் தூர் பேக்காய் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் சேர்க்கப்பட்டார். உடன்விளையாடும் பெண்பிள்ளைகள் எவரும் அங்கு இல்லாமையால் சில திங்களிலேயே நின்றுவிட்டார். பாடநூல்களை விற்று இனிப்பு வாங்கினார் என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. அவரை எவரும் தடுக்கவில்லை. வா என்று அழைக்கவும் எவரும் இல்லை. எழுதப் படிக்க அவர் கற்றது பல்லாண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில். தாய்க்கு நேர்ந்தது மறுப்பு. மகளுக்கு நேர்ந்தது பறிப்பு. பறிப்புக்கு ஒரு நாளும் ஓர் ஆளும் உண்டு. எனவே அதற்கு எதிராகக் குரலெழுப்புவது எளிது எனத் தோன்றலாம். ஆனால் நாளும் ஆளும் இல்லாத முதல்வகை இழப்பே எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுதி என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாட்குறிப்பு உருவான முறை

2008 செப்டம்பரில் பெஷாவரில் நடந்த நிகழ்ச்சியொன்றில், கல்வி கற்கும் அடிப்படை உரிமையைத் தாலிபான்கள் எவ்வாறு பறிக்கலாம் என மலாலா தம் சொந்தப் பெயரிலேயே வினவினார். அப்போது அவருக்கு அகவை பதினொன்று. அதன்பின் சில திங்களில், தாலிபான் ஆட்சியின்கீழ் வாழும் மாணவி ஒருவரின் அன்றாட அனுபவத்தை வெளியிட பிபிசி உருது பிரிவு விழைந்தது. முதலில் வேறொரு மாணவி உடன்பட்டார். அச்சத்தின் காரணமாக அவர் குடும்பத்தார் மறுத்துவிட்டனர். அவ்விடத்திற்கே மலாலா வந்தார். முதற்பதிவு 2009 ஜனவரி 3ஆம் நாளுக்குரியது. மார்ச் மாதம்வரை பதிவுகள் தொடர்ந்தன.

இப்பனுவல் எவ்வாறு எழுதப்பட்டது என்பதில் இருவேறு செய்திகள் வழங்குகின்றன. கையால் எழுதிய தாள்கள் செய்தியாளருக்கு அனுப்பப்பட்டு, பின்னர் மின்னஞ்சல் வழியே சென்றன என்பது ஒன்று. பெஷாவரிலிருந்த செய்தியாளர் மாலைவேளைகளில் தொலைபேசியில் அழைத்து உரையாடி, அவ்வுரையாடலை வாரந்தோறும் எழுத்தாக்கினார் என்பது மற்றொன்று. தன்வரலாறு பின்னதையே விளக்கமாகக் கூறுகின்றது. தந்தையின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படலாம் என்ற ஐயத்தால் தாயின் தொலைபேசியே பயன்பட்டது. பேசிய இருவரும் பஷ்தூன்களே. இருப்பினும் பதிவு உருதுவில் வெளிவரவேண்டியிருந்தமையால், சிறுமியின் குரல் இயல்பாக அமையும்பொருட்டு உரையாடலும் உருதுவிலேயே நடந்தது.

இதனால் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பஷ்தூவில் வாழ்ந்த அனுபவம் உருதுவில் பேசப்பட்டு, செய்தியாளரால் எழுத்தாகி, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அதன்பின்னரே நம்மை வந்தடைகின்றது. இந்நாட்குறிப்பின் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் நடையை ஆராய்வது, இத்தனை கைகள் பட்ட ஒரு பொருளில் முதற்கையின் ரேகையைத் தேடுவது போன்றதாகும். ‘சிறுமி தானே எழுதியது அன்று’ என்று கூறி இதனைப் புறந்தள்ளுவோரும் உளர். அவர் கூற்று ஏற்புடையதன்று. எழுதத் தெரிந்தும் எழுதியதைக் கையில் வைத்திருக்க இயலாத சூழலில், வாய்மொழியே பாதுகாப்பான எழுத்தாகின்றது. நடையை ஐயுறலாம், செய்தியை ஐயுற வேண்டுவதில்லை. எவையெவை கவனிக்கப்பட்டன என்னும் தேர்வு ஒரு சிறுமியின் தேர்வு என்பது பதிவுகளைப் படிப்போர்க்குத் தெளிவாகும்.

பதிவுகளின் உள்ளீடு

முதற்பதிவு ஒரு தீக்கனவுடன் தொடங்குகின்றது: கனவில் இராணுவ உலங்கூர்திகளும் தாலிபான்களும் வருகின்றனர். அன்று வகுப்பிலிருந்த இருபத்தேழு மாணவியருள் பதினொருவரே வந்தனர் என்ற கணக்கு அடுத்து வருகின்றது. தோழியர் மூவர் குடும்பத்துடன் வேறு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், பின்னால் வந்த ஒருவன் ‘கொன்றுவிடுவேன்’ எனக் கூறுவது காதில் விழுகின்றது. விரைந்து நடந்து திரும்பிப் பார்த்தால், அவன் கைபேசியில் வேறு யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கின்றான். மிரட்டல் தனக்கன்று என்றறிந்தவுடன் அச்சிறுமி அடையும் ஆறுதலே அந்நகரின் நிலையைக் காட்டிவிடுகின்றது.

ஜனவரி 5ஆம் நாள் பதிவு உடையைப் பற்றியது. சீருடை அணியாது இயல்பான உடையில் வருமாறு தலைமையாசிரியை கூறியிருந்தமையால், தமக்கு விருப்பமான இளஞ்சிவப்பு ஆடையை அணிந்து மலாலா பள்ளிக்குச் செல்கின்றார். பிற மாணவியரும் வண்ண ஆடைகளிலேயே வந்துள்ளனர். காலைக் கூட்டத்தில், தாலிபான்கள் மறுப்பர் என்பதால் வண்ண ஆடைகளும் வேண்டா என்று அறிவிக்கப்படுகின்றது. சீருடை போயிற்று, இரண்டே நாளில் நிறமும் போயிற்று. தடை ஒரே ஆணையாக வருவதில்லை. அடுக்கடுக்காக வருகின்றது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டும் ஆவணம் வேறொன்று இருப்பது அரிது.

ஜனவரி 14ஆம் நாள் பதிவு இந்நாட்குறிப்பின் உச்சம் எனலாம். குளிர்கால விடுமுறை அறிவிக்கப்படுகின்றது. பள்ளி மீண்டும் திறக்கும் நாள் மட்டும் சொல்லப்படவில்லை. ஒவ்வோராண்டும் அந்நாள் சொல்லப்படுவது வழக்கம். காரணம் கூறப்படாவிடினும் மாணவியர் அறிவர். அன்று அவர்கள் வழக்கத்தைவிட நெடுநேரம் விளையாடுகின்றனர். புறப்படும்போது, இனி வரப்போவதில்லை என்பதுபோலப் பள்ளிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார் மலாலா. இப்பதிவில் உரிமை பற்றிய முழக்கம் ஒன்றும் இல்லை. சொல்லப்படாத ஒரு தேதியே அனைத்தையும் சொல்லிவிடுகின்றது.

அடுத்த நாட்பதிவில் புனைபெயர் பேசப்படுகின்றது. நாட்குறிப்பின் படியொன்றை ஒருவர் தந்தையிடம் கொண்டுவந்து காட்டி, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டுள்ளது எனப் பாராட்டியிருக்கின்றார். எழுதியவள் தம் மகள் என்று சொல்ல இயலாமல் தந்தை புன்னகை மட்டும் செய்தார். தாய்க்கு அப்புனைபெயர் பிடித்துப்போயிற்று. மகளின் பெயரையே குல் மகாய் என மாற்றிவிடலாம் என்கின்றார். மகளுக்கும் அது பிடித்திருக்கின்றது. ‘மலாலா’ என்ற தன் பெயர்க்குத் துயருற்றவள் என்பது பொருள் என்று காரணமும் கூறப்படுகின்றது.

இரு பெயர்கள்

இப்பெயர் மாற்றத்தை மேலும் ஆராய்தல் தகும். மலாலா என்பது மைவந்தின் மலாலையை நினைவுகூர்ந்து தந்தை இட்ட பெயர். 1880 ஜூலையில் மைவந்தில் ஆங்கிலேயப் படையை ஆப்கானியர் வென்ற போரில், சோர்ந்த வீரர்க்கு ஊக்கமூட்டிக் களத்திலேயே உயிர்நீத்தவள் என மக்கள் வழக்காறு போற்றும் பெண் அவள். முக்காட்டைக் கொடியாக உயர்த்தினாள் என்பது கதை. களங்கண்டு உவக்கும் மறக்குடி மகளிரைப் புறப்பாடல்களில் பயின்ற நமக்கு இவ்வுருவம் அயலானது அன்று.

குல் மகாய் என்பது ஒரு பூவின் பெயர். பஷ்தூன் நாட்டுப்புறக் கதையொன்றின் தலைவியின் பெயரும் அதுவே. அவளும் மூசா கானும் பள்ளியில் சந்தித்துக் காதல் கொள்கின்றனர். குடிகள் வேறாகலின் போர் மூள்கின்றது. போர் தீது என்பதைக் குர்ஆனைக் கொண்டே அவள் மூத்தோர்க்கு எடுத்துரைக்கின்றாள்; போர் நிற்கின்றது; காதலர் இணைகின்றனர். மலாலா தம் நூலில் கூறும் வடிவம் இது. ஒருத்தி போரைத் தூண்டி மடிந்தவள். மற்றவள் போரை நிறுத்தி வாழ்ந்தவள். முன்னவளின் பெயரைத் தாங்கியவள் பின்னவளின் பெயரில் எழுதினாள். புனைபெயரைச் சூட்டியவர் செய்தியாளரே. சிறுமி தேர்ந்தது அன்று. ஆயினும் சமயநூலைப் படித்தறிந்த பெண், அந்நூலின் பெயராலேயே மூத்தோரைத் திருத்துகின்றாள் என்னும் இக்கதைக்கூறு, மலாலாவின் பிற்கால வாதமுறையுடன் முற்றும் ஒத்துப்போகின்றது. இசுலாம் பெண்கல்வியை வலியுறுத்துகின்றது என்பதே அவர் எங்கும் முன்வைத்த வாதம். சமயத்துக்கு எதிராகக் கல்வியை நிறுத்தும் பார்வை அவரைப் பற்றி எழுதியோரின் பார்வையே தவிர அவருடையது அன்று.

மறைவிலிருந்து வெளியே

2009 பிப்ரவரியில் மாகாண அரசு செய்துகொண்ட உடன்பாட்டை அடுத்துத் தடை ஓரளவு தளர்ந்தது. இளஞ்சிறுமியர்க்கு மட்டும் பள்ளி திறந்தது. மூத்த மாணவியர் சிலர் வயதைக் குறைத்துக் கூறியும், நூல்களைச் சால்வைக்குள் மறைத்தும் வகுப்புக்குச் சென்றனர். உடன்பாடு நிலைக்கவில்லை. மே மாதம் பெரும் படைநடவடிக்கை தொடங்க, மலாலாவின் குடும்பம் உட்பட ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் திரும்பிய பின்னர், நியூயார்க் டைம்ஸ் எடுத்த ஆவணப்படம், தொலைக்காட்சி நேர்காணல்கள் ஆகியவற்றின் வழியே அவர் முகமும் பெயரும் நாடறிந்தவையாயின. 2011இல் பாகிஸ்தானின் தேசிய இளைஞர் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

2012 அக்டோபர் 9இல் தாக்குதல் நிகழ்ந்தது. உடன்பயணம் செய்த மாணவியர் இருவரும் காயமுற்றனர். மருத்துவத்திற்காக அவர் பர்மிங்காம் கொண்டுசெல்லப்பட்டதும், 2013 ஜூலை 12இல் ஐக்கிய நாடுகள் அவையில் உரையாற்றியதும், 2014இல் பதினேழாம் அகவையில் கைலாஷ் சத்யார்த்தியுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் நன்கறியப்பட்டவை. தாக்குதல் தொடர்பாகக் கைதான பதின்மரும் ஆயுள்தண்டனை பெற்றதாக 2015 ஏப்ரலில் செய்தி வெளிவந்தது. எண்மர் விடுவிக்கப்பட்டிருந்தனர் என்பது இரு திங்கள் கழித்தே தெரியவந்தது.

உள்நாட்டு எதிர்ப்பு

மலாலாவைப் போற்றும் கட்டுரைகள் இப்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றன. அது முறையன்று. 2013இல் ‘நான் மலாலா’ வெளிவந்தபோது, பாகிஸ்தானின் தனியார் பள்ளிகள் கூட்டமைப்பு அந்நூலைத் தம் பள்ளிகளில் தடைசெய்தது. மறு ஆண்டு ‘நான் மலாலா அல்லேன்’ எனும் நாளையும் அது கடைப்பிடித்தது. 2021 ஜூலையில், பஞ்சாப் மாகாணப் பாடநூல் வாரியம் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலொன்றைப் பறிமுதல் செய்தது. நாட்டின் சிறந்தோர் வரிசையில், 1965ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த படைத்தலைவரின் படத்தருகே மலாலாவின் படம் அச்சாகியிருந்ததே எதிர்ப்புக்குக் காரணம். முன்னிசைவு பெறவில்லை என்பது வாரியத்தின் விளக்கம்.

இவ்வெதிர்ப்பு முழுவதையும் பழைமைவாதம் எனத் தள்ளிவிட இயலாது. ஆளில்லா விமானத் தாக்குதலில் இறந்த பழங்குடிப் பகுதிச் சிறுவர்களுக்கு மேலைநாடுகள் இவ்வாறு இரங்கவில்லையே என்னும் வினா நேர்மையானது. அவ்வினாவை மலாலாவும் அறிவார். 2013 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஒபாமாவைச் சந்தித்தபோது, அத்தாக்குதல்கள் பயங்கரவாதத்தை வளர்க்கின்றன எனத் தாம் கூறியதாக அறிக்கை வெளியிட்டார். எனினும் மேலை ஊடகங்கள் அவருடைய உருவத்தைப் பயன்கொண்ட முறைக்கு அவர் பொறுப்பாகார். ஊடகம் சமைத்த உருவத்தைக் கண்டித்து, அதன் பொருட்டு அச்சிறுமியின் கோரிக்கையையும் மறுப்பது, திறனாய்வில் நாம் அடிக்கடி காணும் பிழையே.

சட்டமும் நடைமுறையும்

கல்வி உரிமைச் சட்ட வரலாற்றில் ஓர் ஒற்றுமை வியப்பளிப்பது. இந்தியாவில் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கான கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஏப்ரலில்தான் பாகிஸ்தானின் பதினெட்டாம் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறி, 25அ பிரிவு சேர்க்கப்பட்டது. 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்குதல் அரசின் கடமை என அது கூறுகின்றது. வயதெல்லையில் பாகிஸ்தானின் பிரிவே விரிவானது. ஆயினும் நடைமுறைச் சட்டங்களை இயற்றும் பொறுப்பு மாகாணங்களிடம் விடப்பட்டது. தலைநகர்ப் பகுதிக்கான சட்டம் 2012இன் இறுதியில், மலாலா சுடப்பட்டதை ஒட்டி எழுந்த கொந்தளிப்புக்கிடையே நிறைவேறிற்று.

2024 மே மாதத்தில் பாகிஸ்தான் அரசு கல்வி நெருக்கடி நிலையை அறிவித்தபோது, பள்ளி செல்லாக் குழந்தைகள் ஏறத்தாழ 2.6 கோடி எனக் கூறப்பட்டது. இவர்களுள் மிகப்பெரும்பாலோரைத் துப்பாக்கி தடுக்கவில்லை. பள்ளியின் தொலைவு, வறுமை, வீட்டுவேலை, இளவயது மணம், பெண்ணாசிரியர் இன்மை, கழிப்பறை இன்மை ஆகியனவே தடுக்கின்றன. தூர் பேக்காயைப் பள்ளியிலிருந்து வெளியேற்றிய அதே தனிமை இன்றும் பல மலையூர்களில் தொடர்கின்றது. சியாவுதீனின் சொந்த மாவட்டமான ஷாங்லாவில், மலாலாவின் நோபல் பரிசுத்தொகையின் துணையுடன் பெண்கள் பள்ளியொன்று 2018இல் தொடங்கப்பட்டமை இதனுடன் இணைத்து நோக்கற்பாலது. 2013இல் நிறுவப்பெற்ற மலாலா நிதியமும் ஆசிரியர்கள், உள்ளூர்ச் செயற்பாட்டாளர்கள் ஆகியோர்க்கே பெரிதும் துணைநிற்கின்றது. இப்பணிக்கு ஊடக ஒளி கிட்டுவதில்லை, அது இயல்பே.

பறிப்பு முற்றும் நீங்கிற்று என்றும் சொல்வதற்கில்லை. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். செப்டம்பரில் சிறுவர்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. சிறுமியர் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. 2022 மார்ச் 23 அன்று சிறுமியரும் வரலாம் என்றறிந்து பள்ளிக்கு வந்தோர், அன்றே திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. 2009 ஜனவரியில் மிங்கோரா மாணவியர் கேட்ட, திறக்கும் நாள் கூறப்படாத அதே விடுமுறை அறிவிப்பு ஒரு நாடு முழுமைக்குமாக விரிந்துவிட்டது.

2025 ஜனவரியில், முசுலிம் சமூகங்களில் பெண்கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு இஸ்லாமாபாத்தில் கூடிற்று. மலாலா அதில் உரையாற்றி, ஆப்கானிய ஆட்சியாளரின் தடைகளுக்குச் சமயநெறியில் இடமில்லை என்பதை முசுலிம் தலைவர்கள் வெளிப்படையாகக் கூறவேண்டும் என வேண்டினார். ஆப்கானிஸ்தான் அரசுக்கும் அம்மாநாட்டிற்கு அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. அங்கிருந்து எவரும் வரவில்லை.